மொட்டு விட்ட வீட்டில் வாழைப்பழம்

ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. மலைமேல் இருப்பவர்களை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. கொடைக்கானலில் ஆர்க்கிட் தானாக வளர்கிறது, ஆட்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், அதில் ஒரு வீரமும் இல்லை. மலை இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி, சித்திரை வெயிலில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் திண்டுக்கல்லில், ஈரக்காட்டு மரக்கிளையில் தொங்கவேண்டிய ஒரு செடியைக் கொண்டுவந்து வீட்டு ஹாலில் வைத்து, அதன் முன்னால் காலையும் மாலையும் கைகட்டிக் குனிந்து நிற்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் பேச்சு.

அவர்களை அடையாளம் காண்பது எளிது. சட்டைப்பையில் பேனா இருக்கும் இடத்தில் தண்ணீரின் உப்பை அளக்கும் மீட்டர் ஒன்று இருக்கும். கல்யாணப் பந்தியில் டம்ளரில் தண்ணீர் ஊற்றியதும் அதை முக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, பக்கத்து இலைக்காரரிடம் ஓர் எண்ணைச் சொல்வார்கள். பக்கத்து இலைக்காரர் அதற்குப்பிறகு தண்ணீரைத் தொடமாட்டார். செல்போனில் பெற்ற பிள்ளையின் படம் நாலு இருந்தால் வேரின் படம் நானூறு இருக்கும். பூவைக் காட்டச் சொன்னால், "பூ இன்னும் வரல, வேரப் பாருங்க" என்பார்கள். செத்துப்போன செடிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அனுபவம்.

"எத்தன செடி வச்சிருக்கீங்க?"

"இப்போதைக்கு மூணு. அனுபவம் ஒரு இருபது இருக்கும்."

மாதிரிக்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா? திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அழகுராஜாவை எடுத்துக்கொள்வோம். முப்பது வருஷமாகப் பூவிலேயே புரண்டவர். விடியுமுன் மல்லிகை, சம்பங்கி, செவ்வந்தி, கோழிக்கொண்டை என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவற்றைத் தராசில் ஏற்றி, ஏலம் கூவி, முகூர்த்த நாளில் மல்லிகையைத் தங்கத்தைப்போல் நிறுத்து, முகூர்த்தம் முடிந்த மறுநாள் அதே மல்லிகையை வாங்க நாதியில்லாமல் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு நடப்பவர். காதில் விழுவதெல்லாம் கிலோ என்ன விலை என்ற ஒரே கேள்விதான். வெயில் ஏறுவதற்குள் பூவின் சோலி முடிந்துவிடும். அவர் எந்தப் பூவையும் நின்று பார்த்ததில்லை. அரிசி மண்டிக்காரர் அரிசியை நின்று பார்ப்பாரா?

ஒருமுறை குடும்பத்தோடு கொடைக்கானல் போனார். ரோட்டோர நர்சரியில் ஒரு தொட்டி. வளைந்த தண்டில், வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்ததுபோல் வெளிர் ஊதாப் பூக்கள். பழக்கதோஷத்தில் "கிலோ என்னங்க?" என்று கேட்டார். கடைக்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "இது நிறுத்து விக்கிறது இல்ல சார். ஒருக்கா பூத்தா மூணு மாசத்துக்கு அப்படியே நிக்கும்."

மூன்று மாதம்! மதியம்வரை வாடாமல் இருந்தாலே அவர் மார்க்கெட்டில் அது உயர்ந்த பூ. வாங்கினார். அது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு நெரிசலில் காருக்குள்ளேயே பாதி வெந்து, வீட்டுக்கு வந்த சில நாளில் செத்தது. செத்ததுதான் வினையாகப் போயிற்று. பூத்துத் தொலைத்திருந்தால் பார்த்துவிட்டு மறந்திருப்பார். எதற்காக மனிதர்கள் இந்தச் செடியிடம் இப்படி அடிமைப்படுகிறார்கள் என்று கேட்பவர்கள் பூவின் அழகைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், அங்கேதான் தப்பு. அழகுக்காக யாரும் இதில் விழுவதில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் ஏன் செத்தது என்ற கேள்விக்குப் பதில் தேடி இரண்டாவது செடியை வாங்குகிறார்கள். அவ்வளவுதான். அப்புறம் எழுந்திருக்க முடியாது.

"தலைக்கு வைக்க ஆகாது, சாமிக்குப் போட ஆகாது, மூக்குக்கிட்ட வச்சாலும் வாசம் இல்ல. மார்க்கெட்ல இல்லாத பூவா? இதுக்கு நாலு பேரோட சீட்டாடிட்டு வந்தாக்கூட நல்லாருக்கும்" என்றார் மனைவி சூர்யகலா.

"அது வேற" என்றார் அழகுராஜா.

இந்த இரண்டு சொற்களை மறந்துவிடாதீர்கள்.

அந்தச் செடிக்கு மண் ஆகாது. ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் போதும். ஆனால் தண்ணீர்? திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்பது அதைத் திறந்துவிடுபவருக்கே நிச்சயமில்லை. போர் தண்ணீரோ இலையில் வெள்ளையாக உப்பை விட்டுவிட்டுப் போகும். எனவே ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். தன் வீட்டு ஏசி போதாமல் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அவர் தவறாமல் போகத் தொடங்கினார். போகும்போது மொய்க்கவரும் காலி கேனும். வரும்போது தாம்பூலப் பையும் நிறைந்த கேனும். குளிர் பட்டால்தான் பூந்தண்டு வரும் என்று கேள்விப்பட்டதும் ஐப்பசி முழுவதும் ராத்திரியில் ஹால் ஏசியைப் பதினெட்டில் வைத்தார். குடும்பம் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தது. திண்டுக்கல்லில் கம்பளி தேடி அலைந்த கதையைச் சூர்யகலா இன்னமும் சொல்வார்.

மார்கழியில் இலையடியில் பச்சையாக ஏதோ ஒன்று முட்டிக்கொண்டு வந்தது. வேரா, பூந்தண்டா? இந்த இனத்துக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. 'திண்டுக்கல் ஆர்க்கிட் உறவுகள்' வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டார். குழு இரண்டாக உடைந்தது. வேர் என்றவர்கள் ஒரு பக்கம், தண்டு என்றவர்கள் ஒரு பக்கம். வார்த்தை தடித்து ஒருவர் குழுவைவிட்டே வெளியேறினார். கடைசியில் அது தண்டுதான். ஆறு மொட்டு. இருபது அனுபவத்துக்குப்பிறகு அவர் வீட்டில் விட்ட முதல் மொட்டுகள்.

குழுவை நடத்தும் பேகம்பூர் மெஹராஜ் அக்கா குரல் செய்தி அனுப்பினார். "தம்பி, மாஷா அல்லாஹ்! இனிமேத்தான் சூதானமா இருக்கணும். செடிய இருக்க இடத்த விட்டு இம்மி நகட்டாதீங்க, வெளிச்சம் மாறுனா மொட்டு கோவிச்சுக்கும். இன்னொண்ணு, வீட்டுக்குள்ள பழுத்த பழம் கூடாது, அதுலயும் வாழைப்பழம் கூடவே கூடாது. அது விடுற காத்து பட்டா மொட்டு மஞ்சளாகி உதுந்துரும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் வாழைப்பழத்துக்குத் தடை. சிறுமலைப் பழம் விளைகிற ஊரில், ஒரு குடும்பம் வாழைப்பழம் சாப்பிட மொட்டைமாடிக்குப் போனது. தோலைக்கூட அங்கிருந்தே அடுத்த தெருப் பக்கம் கொண்டுபோய்ப் போடவேண்டும். சாமிக்குக் கற்கண்டு போதும் என்று முடிவாயிற்று. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் மகள் பானுப்ரியாவுக்குப் பூ வைக்க நாள் குறித்தார்கள்.

பானுப்ரியா ஒரு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறாள். கூட வேலைபார்க்கும் ஸ்ரீராமும் அவளும் விரும்பி, இரண்டு வீட்டையும் சம்மதிக்கவைக்க இரண்டு வருஷம் மன்றாடி, கடைசியில் ஸ்ரீராமின் அம்மா பாண்டிச்செல்வி அரைமனதாகத் தலையாட்டியிருந்தார். வத்தலக்குண்டுக்காரர். மரியாதை ஒரு நூல் குறைந்தாலும் கண்டுபிடிப்பவர். மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு உறுதி. வைக்காமல் எழுந்துவிட்டால் இரண்டு வருஷமும் வீண்.

பானுப்ரியா அப்பாவைத் தனியே கூப்பிட்டாள். "அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு மட்டும் அந்தப் பூவப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது. வேரு, மொட்டு, தண்ணி, எதுவும். அந்த அத்தை ஏற்கெனவே யோசனையில இருக்காக."

"பேசமாட்டேன்."

"சத்தியமா?"

"உம்மேல சத்தியமா."

அவர் வாக்கு மாறாதவர். கெட்டது அதனால்தான்.

மாசி மாதத்து முற்பகல். ஹால் வாசலெங்கும் மார்க்கெட்டிலிருந்து அவரே கொண்டுவந்து கட்டிய மல்லிகைச் சரமும் செவ்வந்தித் தோரணமும். கதவு சாத்தி, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் ஆறு மொட்டுகளோடு செடி. ஒன்பது தட்டுகள் வரிசையாக உள்ளே வந்தன. புடவை, வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ. அப்புறம் பழம். மூன்று தட்டு நிறையச் சிறுமலை வாழைப்பழம், தோலில் புள்ளி விழுந்து, கையால் தொட்டால் உரிந்துவிடும் பக்குவத்தில்.

"கடப்பழம் இல்ல" என்றார் மாப்பிள்ளையின் அப்பா மாயாண்டி. வத்தலக்குண்டில் டயர் கடை வைத்திருப்பவர், பெரிய மீசை. "மலைக்கே போயி, தார் பார்த்து வெட்டி, இன்னிக்குப் பழுக்கணும்னு கணக்குப் பண்ணி வச்சது."

தட்டுகளைச் செடிக்கு ஒரு முழம் தள்ளி வைத்தார்கள். மூடிய அறை. மூன்று தட்டுப் பழம். ஆறு மொட்டு. அழகுராஜா மனதுக்குள் கணக்குப் போட்டார். செடியை நகர்த்தக்கூடாது, பேசவும் கூடாது. மீதி என்ன இருக்கிறது?

எழுந்தார். ஒரு பழத்தட்டைத் தூக்கினார். எல்லோரும் இடம் ஒதுக்குகிறார் என்று நினைத்தார்கள். கதவைத் திறந்து வெளியே போய், போர்டிகோவில் நின்ற பைக் சீட்டின்மேல் அதை வைத்தார். திரும்பி வந்தார். இரண்டாவது தட்டைத் தூக்கினார். பேச்சு குறைந்தது. மூன்றாவது தட்டை அவர் தூக்கியபோது எல்லாத் தலையும் அவரோடு வாசல் பக்கம் திரும்பின.

"ஏன் மதனி" என்றார் பாண்டிச்செல்வி, சூர்யகலாவைப் பார்த்து, மெதுவாக. "நாங்க கொண்டாந்த சீரு வெயிலுக்குப் போகுதே, என்ன சங்கதி? எங்க பழம் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதோ?"

சூர்யகலா கணவரைப் பார்த்தார். அழகுராஜா தட்டும் கையுமாக நடுவாசலில் நின்று மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"காத்தோட்டமா இருக்கட்டுமேன்னு" என்றார் அவர்.

"யாரு, பழமா?"

பாண்டிச்செல்வி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினார். எழுவதற்கு முன்னால் செய்வது அது. "ஏலே ஸ்ரீராமு, வண்டிய எடுக்கச் சொல்லு."

"சொல்லித் தொலைங்கப்பா!" என்றாள் பானுப்ரியா.

அழகுராஜா சொன்னார். சத்தியத்திலிருந்து விடுதலை கிடைத்த மனிதர் சுருக்கமாகச் சொல்வாரா? வேரா தண்டா என்பதிலிருந்து தொடங்கி, ஐப்பசிக் குளிர், ஏசித் தண்ணீர், மெஹராஜ் அக்கா, பழம் விடும் காற்று என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோதும் தட்டு அவர் கையில்தான் இருந்தது.

சபையில் ஒருவர் சிரித்தார். ஒருவர் செடிக்குப் பக்கத்தில் போய், "இது பிளாஸ்டிக் இல்லையா?" என்று கையை நீட்டினார்.

"தொடாதீரும்யா!" என்று ஓர் அதட்டல். அதட்டியது அழகுராஜா அல்ல. மாயாண்டி.

மாயாண்டி எழுந்து வந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப்பின் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, மொட்டுக்கு நேரே குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். அப்படிக் குனிகிறவர்களை அழகுராஜாவுக்குத் தெரியும்.

"நம்ம வீட்ல பந்தயப் புறா முட்டைல உக்காந்திருந்தா, குக்கர் விசில் அடிக்கக் கூடாது" என்றார் மாயாண்டி, நிமிராமலே.

"தீவாளிக்கு வெடி கிடையாது" என்றார் பாண்டிச்செல்வி, வெறுப்போடு. "எம் மகன் கம்பி மத்தாப்பக் கொளுத்த அடுத்த தெருவுக்குப் போவான், மதனி. வளந்து ஆளாகுற மட்டும்."

"நாங்க வாழப்பழந் திங்க மாடிக்குப் போறோம்" என்றார் சூர்யகலா.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு வருஷம் பேசியும் வராத சம்மதம் அந்தப் பார்வையில் வந்தது.

"சரி, பழம் உள்ள வரக்கூடாது. சீரத் தனியா வெளிய வைக்கவும் கூடாது" என்றார் மாயாண்டி. "அப்ப சபைய வெளிய கொண்டு போவோம். தட்டு இருக்க எடத்துலதான சபை?"

அப்படியே நடந்தது. மாசி வெயிலில், போர்டிகோவில், பைக்கை நகர்த்திவிட்டுப் பாய் விரித்து, நாற்பது பேர் வேர்வை வழிய விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பாண்டிச்செல்வி பானுப்ரியாவின் தலையில் பூ வைத்தார். உள்ளே, சாத்திய கதவுக்குப்பின், ஏசியில், செடி தனியாக இருந்தது.

"உங்க புறாவும் நம்ம செடியும் ஒண்ணுதான் சம்பந்தி" என்றார் அழகுராஜா, நெகிழ்ந்துபோய்.

"அது வேற சம்பந்தி" என்றார் மாயாண்டி. "புறா உசுருல்ல?"

மூன்றாம் நாள் அடிமொட்டு மஞ்சளாகி உதிர்ந்தது. வந்த பழத்தை உள்ளே தங்கவே விடாத வீட்டில் எப்படி? குழுவில் படத்தைப் போட்டார். மெஹராஜ் அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வாசல்ல என்ன தம்பி, மல்லிகையா? வாடுற பூவும் அதே காத்தத்தான் விடும்." அவரே தன் கையால் கட்டி, அவிழ்க்க மறந்த தோரணம். இப்போது மார்க்கெட்டிலிருந்து வந்ததும் போர்டிகோவிலேயே சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். மீதி ஐந்தும் பூத்தன. மாயாண்டி தினமும் காலையில் போன் செய்து பூவை விசாரித்துவிட்டு, ஞாபகம் இருந்தால் கல்யாண மண்டபத்தையும் விசாரிக்கிறார்.

ஒன்று விட்டுப்போயிற்று. பூ வைத்த கையோடு பாண்டிச்செல்வி மருமகளின் காதில் கேட்டார்: "ஏத்தா, ஒனக்கு இப்பிடி எதுவும் கெடயாதுல்ல?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லத்த" என்றாள் பானுப்ரியா.

ஸ்ரீராம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். லேப் ஜன்னலில் மூன்று பாட்டில்களில் அவள் சண்டை மீன் வளர்ப்பதும், ஒன்றை ஒன்று பார்த்து முறைத்துக்கொள்ளாமல் இருக்க நடுவில் அட்டை வைத்திருப்பதும், ஞாயிறு தவறாமல் தானே போய்த் தண்ணீர் மாற்றுவதும் அவனுக்குத் தெரியும். அவள் பொய் சொல்லவில்லை. மீன் என்றால் அது வேறு.

நீங்கள் இதுவரை சிரித்துக்கொண்டு படித்திருந்தால் சந்தோஷம். உங்கள் வீட்டிலும் விருந்தாளி உட்காரக்கூடாத மூலை ஒன்று, பிள்ளைகள் தொடக்கூடாத பொருள் ஒன்று, நீங்கள் எடுத்ததும் வீட்டார் எழுந்து போய்விடுகிற பேச்சு ஒன்று இருக்கிறதா என்று செத்த நேரம் யோசித்துப் பாருங்கள். இருக்கிறது, ஆனால் அதைப் போய் இந்த ஆர்க்கிட்காரரோடு சேர்க்கலாமா, அது வேற என்று தோன்றுகிறதா? சரி, தோன்றட்டும். உங்கள் வீட்டுக்கு யாராவது தட்டோடு வருவதாக இருந்தால், போர்டிகோவில் நிழல் எத்தனை மணி வரைக்கும் நிற்கிறது என்று மட்டும் இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.