மருமகனின் துவக்குக்குக் குழல் தெரிந்தெடுத்த விபரம்

ஹம், ஜேர்மனி,
செப்டம்பர் 2006

என் அன்புக்குரிய தம்பி தம்பித்துரைக்கு,

திருக்குடும்பத்தின் நிழல் உன் வீட்டின்மேல் தங்குவதாக. நீயும் புஷ்பமலரும் லண்டனில் நலமென்று நம்புகிறேன். நான் இங்கு நலமென்று எழுதுவதுதான் முறை, ஆகையால் நலம். முறை முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டு முன்னறையை எனக்கு ஒழித்து வை. விருந்துக்கல்ல, நிரந்தரமாக வருகிறேன். காரணத்தை வாசித்தால் நீயே விமான நிலையத்துக்கு ஓடி வருவாய்.

சென்ற சனிக்கிழமை நான் குசினியில் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் பிரபாலினியும் மருமகன் ஹோல்கரும் டொச்சில், அதுதான் இவர்களுடைய ஜேர்மன் மொழியில், கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பது ஈனம் என்று கொன்வென்ற்றில் மதர் சொல்லித் தந்ததை நான் மறக்கவில்லை; ஆனால் இந்த நாட்டுச் சுவர்கள் கொன்வென்ற்றில் படித்தவை அல்ல. "ஆல்ட" என்று ஒரு சொல் வந்தது. பழசு, கிழடு என்று பொருள். அதன் பின்னால் "றவுஸ்" வந்தது. வெளியே என்று பொருள். கூட்டிப் பார்த்தால், பழசு இனி உதவாது, வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போடவேண்டும் என்கிறார் ஹோல்கர். பாவம், எத்தனை வருஷம் எங்களோடு கிடந்தது என்கிறாள் நான் பெற்ற மகள். டொச்சில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண், பெண், ஒன்றன்பால் என்று ஒரு முன்சொல் உண்டு, அதைக் கவனித்திருந்தால் கதைக்கப்பட்டது ஆண்பால் என்று விளங்கியிருக்கும் எனப் பிறகு எனக்கே பாடம் எடுத்தார்கள். கரண்டியை ஆண் என்றும், முள்ளுக்கரண்டியைப் பெண் என்றும், குமர்ப்பிள்ளையை ஒன்றன்பால் என்றும் சொல்லுகிற இலக்கணத்தை நான் வந்த நாளிலிருந்தே மதிப்பதில்லை. போஞ்சிக்காயை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் பெட்டியை இறக்கினேன்.

"அம்மா, ஏன் பெட்டி அடுக்கிறியள்?" என்று வந்தாள் பிரபாலினி.

"நீங்கள் வெளியில எடுக்க முதல் நானே வெளிக்கிடுறன்."

"ஆர் உங்களை எடுக்கிறது? நாங்கள் குழலையெல்லோ மாத்தப்போறம்!"

"என்ர புட்டுக் குழலையோ? அது என்ர கலியாணச் சாமான். அதில ஒருத்தரும் கை வைக்க ஏலாது!"

"ஐயோ அம்மா, துவக்குக் குழல்! ஹோல்கரின்ர வேட்டைத் துவக்கு!"

சொல் திருத்தப்பட்டது. ஆனால் தன்மானம் உள்ளவள் ஒரு முறை அடுக்கிய பெட்டியைப் பிரித்து அடுக்குவதில்லை. பெட்டி கட்டிலடியில் இருக்க, அவர்கள் என்னைச் சமாதானப்படுத்தச் செய்த காரியத்தைக் கேள். ஹோல்கர் வரும் மாதம் அல்ப்ஸ் மலைக்குப் போய், ஒரு பள்ளத்தாக்கின் இந்தக் கரையில் படுத்திருந்து அந்தக் கரையில் நிற்கும் மலையாட்டைச் சுடப் போகிறாராம். ஒரே சூட்டில் ஆடு விழவேண்டும், காயத்தோடு ஓடவிட்டால் பெரிய அவமானமாம். அவருடைய துவக்குக் குழலோ சுட்டுச் சுட்டு உள்ளே தேய்ந்துவிட்டது. நல்ல குழல்களின் விபரப் புத்தகம் அமெரிக்காவில் அச்சிட்டது. துவக்குக் கடைக் கிழவருக்கு ஆங்கிலம் வராது. பிரபாலினியின் ஆங்கிலம் தாதிப் படிப்போடு டொச்சில் கரைந்துவிட்டது. ஹோல்கர் கிழக்கு ஜேர்மனியில், லைப்சிக்கில் பிறந்தவர், அந்தக் காலத்தில் அங்கே பிள்ளைகளுக்குச் சோற்றோடு ருசிய மொழியைத்தான் தீத்தியிருக்கிறார்கள். ஆகவே, துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து ஓடிவந்த என்னைத் துவக்குக் கடைக்கே மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப்போனார்கள். நல்ல சேலைதான் உடுத்துக்கொண்டு போனேன்.

நான் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்ல, பிரபாலினி அதை டொச்சாக்குவாள். முதற் பக்கத்திலேயே மூன்று எழுத்துப்பிழை. பேனை வாங்கித் திருத்தினேன். அடுத்து "மட்ச்" தரக் குழல் என்றிருந்தது. பொருத்தம் என்று சொன்னேன். பிரபாலினி அதை எப்படிச் சொன்னாளோ, கிழவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கலியாணம் யாருக்கு என்று கேட்டார். போட்டியில் சுடுவதற்கான தரம் என்பதுதான் கருத்தாம். போட்டியையும் கலியாணத்தையும் ஒரே சொல்லில் அடக்கியது ஆங்கிலத்தின் ஞானமே தவிர என் பிழையல்ல. ஆனால் தம்பி, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பொருத்தம் பார்த்த கதைதான். நிறம் கறுப்போ வெள்ளியோ, நீளம் எவ்வளவு, உடம்பு பாரமோ மெலிவோ, குண்டைச் சுழற்ற உள்ளே வெட்டிய புரி இறுக்கமோ இளக்கமோ, எந்தக் குண்டோடு ஒத்துப்போகும் என்று ஒன்றரை மணித்தியாலம் விசாரித்தார்கள். என் மகளைக் கட்டும்போது இந்த மனிதர் இதில் கால்வாசிகூட விசாரிக்கவில்லை.

கடைசியில் பாரத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள். தடித்த குழல் ஆடாமல் நிற்கும் என்கிறார் கிழவர். அதைச் சுமந்துகொண்டு மலையேறுவது நீரா நானா என்கிறார் ஹோல்கர். மெலிந்த குழல் நாலைந்து சூட்டில் கொதித்துக் குறி விலகும் என்கிறார் கிழவர்.

"அம்மா, நீங்கள்தான் ஒண்டு சொல்லுங்கோ" என்றாள் பிரபாலினி. அவளுக்குப் பசி.

"ஒரு சூட்டில விழவேணும் எண்டுதானே இவ்வளவு பாடும்? பிறகேன் நாலாஞ் சூட்டைப் பற்றிக் கதைக்கிறியள்? மெலிஞ்சதை எடுங்கோ. துருப்பிடிக்காதது. நீளத்தில குறைக்க வேண்டாம், மலையில செடி பத்தையா இருக்கு குழல் மாட்டுப்பட?"

அவள் டொச்சில் சொல்லி முடித்ததும் கிழவர் எழுந்து நின்று எனக்குக் கை தந்தார். குழலுக்கு அப்படியே ஓடர் எழுதப்பட்டது. அந்தப் பெருமையோடு நான் வீட்டுக்கு வந்திருக்கலாம். என் வாய் விட்டால்தானே. பழைய குழலை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கிட்டச் சுடுவதென்றால் இன்னும் அது குறி தப்பாதாம், தூரத்துக்குத்தான் ஏலாதாம். பரவாயில்லை, அப்ப ஆட்டைக் கிட்டக் கூப்பிடுங்கோ என்றேன். சிரித்தார்கள். கிழவர் கையால் ஒரு வீச்சு வீசி, "ஷ்றொட்" என்றார். பழைய இரும்பு என்று பொருள். ஹோல்கரும் தலையாட்டினார். இத்தனை வருஷம் குறி தப்பாமல் உழைத்ததற்கு ஒரு வார்த்தைகூட இல்லை, தம்பி. கிட்ட நிற்கிறவர்களுக்கு உதவக்கூடிய ஒன்றைத் தூரத்துக்கு உதவாது என்பதற்காக இரும்புக்குப் போடுகிற வீட்டில் நான் இருக்கமாட்டேன். இது என் முடிவு, இதில் மாற்றமில்லை. புஷ்பமலர் என் சாப்பாட்டுக்குச் சிரமப்பட வேண்டாம். உறைப்புக் குறைத்து, மீனைப் பொரிக்காமல், சோற்றைக் குழைய விடாமல் சமைத்தால் போதும்.

உங்கள் இருவருக்கும் எல்லா நன்மையும் உண்டாக மாதாவை வேண்டும்,

சொன்ன சொல் மாறாத உன் அக்கா,
யோசப்பின்

பி.கு.: முத்திரை வாங்கப் பிந்தியதால் கடிதம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. இதற்குள் குழல் வந்து, பூட்டியும் ஆயிற்று. அதோடு புதுக் குழலைப் பழக்குவதற்கு ஒரு புத்தகமும் வந்திருக்கிறது: ஒன்று சுடு, துடை, இன்னொன்று சுடு, மறுபடி துடை என்று பக்கம் பக்கமாக, முழுவதும் ஆங்கிலத்தில். நேற்று ஹோல்கர் அதைக் கையில் பிடித்தபடி என் அறை வாசலில் வந்து நின்று, பிரபாலினியிடம் பாடமாக்கி வந்த தமிழில், "மாமி, நீங்கள் போக ஏலாது. வாசிக்க ஆள் இல்லை" என்றார். உச்சரிப்பைத் திருத்தி, இரண்டாம் முறை சொல்லவைத்தேன். இன்று சூட்டுத் திடலில் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு நான் ஒவ்வொரு வரியாக வாசித்து, பிரபாலினி டொச்சில் சொல்லச் சொல்ல, மனிதர் அப்படியே சுட்டார், அப்படியே துடைத்தார். உன் அத்தான் இருந்தவரை இப்படியொரு கீழ்ப்படிவை நான் கண்டதில்லை. கடிதத்தைப் பாதியில் விட்டு முன்னறையை ஒழிக்க எழும்பியிருந்தால் சாமான்களை இருந்த இடத்திலேயே வைத்துவிடு. ஒக்டோபரில் ஹோல்கர் மலைக்குப் போகிறார், புத்தகமும் போகிறது, ஆகவே நாங்களும் போகிறோம். புஷ்பமலரிடம் தடித்த கம்பளிக் காலுறை இருந்தால் உடனே அனுப்பச் சொல்.