மான்கள் போட்ட ஆட்சேபணை

ஆம்பூரிலிருந்து வேலூர் வரையுள்ள ஐம்பது கிலோமீட்டரில் செலக்‌ஷன் பாய் தடவிப் பார்க்காத பொருள் ஒன்றுகூட இல்லை. எங்கள் தெருவின் முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் இதற்குச் சாட்சி.

தோல் பதனிடும் டேனரியில் தோலைத் தடவி, திருப்பிப் பார்த்து, முதல் செலக்‌ஷன், இரண்டாவது என்று ஆறுவரை தரம் பிரிப்பது அவர் வேலை. ஐந்தரைக்குச் சங்கு ஊதினால் மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். இவர் வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவார். என் மனைவி போட்ட தோசையைத் திருப்பிப் பார்த்து, "சதைப்பக்கம் கரிஞ்சிருக்கு தங்கச்சி, நாலாவது செலக்‌ஷன்" என்றார். சொல்லிவிட்டு ஐந்து சாப்பிட்டார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கன்னத்தைத் தடவி, "மொதல் செலக்‌ஷன்தான், கழுத்துல மட்டும் சுருக்கம் ஜாஸ்தி" என்று பெண்ணின் தகப்பனாருக்குத் தைரியம் சொன்னார். நாடி பிடித்த டாக்டரின் கையை, உப்புப் போட்டு வைத்த பச்சைத்தோலைப் போல இவர் பிடித்துப் பார்த்து, "உப்பு கம்மி டாக்டர்" என்றார்.

டேனரிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று விடிந்ததும் காப்புக்காட்டு ஓரத்துக் குட்டைக்குப் போய், மான்கள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு வருவார். ஏன் என்று கேட்டேன்.

"ஆறு நாள் செத்த தோல பாக்கறேன் சார். ஒரு நாளாவது அது உயிரோட நடமாடறத பாக்க வேணாமா?"

தொண்ணூறுகளின் கடைசியில், அந்தக் குட்டைக்கு மேலே இருந்த மேட்டில் குப்பைக் கிடங்கு அமைக்கத் திட்டம் வந்தது. மழை பெய்தால் அழுக்கெல்லாம் குட்டைக்குத்தான் இறங்கும். நான்தான் மனு எழுதினேன்: நான்கு பக்கம், இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முதல் காரணமாக நாற்றத்தைப் போட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். மூன்று நாள் முன்பே வெள்ளோட்டமாக இரண்டு லாரி குப்பை கொட்டியிருந்தார்கள். அதன் பக்கத்திலேயே எங்களை நிறுத்தி, மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு கேட்டார்: "நாத்தம் வருதா?"

பதினேழு பேர் மூச்சை இழுத்தோம். சுண்ணாம்புத் தொட்டிக்கும் பச்சைத்தோலுக்கும் நடுவே பிறந்து வளர்ந்த பதினேழு மூக்குகள்.

"இன்னா நாத்தம் சார்?" என்றான் எதிர்வீட்டு முனுசாமி, மனசாட்சிப்படி.

"நல்லாத்தான் காத்து வருது" என்றார் இன்னொருவர்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். பாய் முன்னால் வந்து முதலில் அதிகாரியின் தோல் பையைத் தடவினார்.

"ஆறாவது செலக்‌ஷன். ஏமாத்திட்டான் சார் உங்கள. அது கெடக்கட்டும், இவங்கள போய் கேக்கறீங்களே? இந்த மூக்கெல்லாம் ரிஜெக்ட்டு. நல்ல மூக்கு வச்சிருக்கறவங்க கீழ இருக்காங்க, வாங்க."

குட்டைக் கரையில் சேறு. பழைய, காய்ந்த குளம்படிகள் தண்ணீர்வரை போயிருந்தன. புதியவை காட்டிலிருந்து நேராக வந்து, தண்ணீருக்கு ஆறடி முன்னால் நின்று, அப்படியே திரும்பியிருந்தன. குனிந்து எண்ணினேன். வந்த தடம் பதினொன்று, திரும்பிய தடம் பதினொன்று. தண்ணீரைத் தொட்டது ஒன்றுமில்லை.

"வந்தாங்க, மோந்தாங்க, போய்ட்டாங்க" என்றார் பாய். "எழுதிக்குங்க சார்."

அதிகாரியும் குனிந்து எண்ணிப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். கிடங்கு நெடுஞ்சாலைக்கு அப்பால் வேறு இடத்துக்குப் போயிற்று. கொட்டிய இரண்டு லாரிக் குப்பையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நான்கு வெள்ளிக்கிழமைகள் பாய் மாட்டுவண்டி வைத்து அள்ளினார். நானும் கூடப் போனேன். இருபத்து மூன்று நடை. முதுகுவலி இன்றும் உண்டு.

ஐந்தாம் வெள்ளி காலையில் வந்து கதவைத் தட்டினார். "சார், சட்டைய அப்புறம் போட்டுக்கலாம், வாங்க!"

குட்டைக் கரையில் புதிய தடங்கள் தண்ணீருக்குள்ளேயே இறங்கியிருந்தன. பாய் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

"மெதுவா சார்" என்றார் காதோடு. "குடிச்சிட்டு போவட்டும், பாவம்."

அங்கே ஒரு மான்கூட இல்லை. எல்லாம் எப்போதோ குடித்துவிட்டுக் காட்டுக்குள் போயிருந்தன. இருந்தாலும் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.