ஒரே டேங்கில் கடல்

எட்டே எட்டு கிலோமீட்டருக்காக ஒரு மனுஷன் கட்டின பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போவானா? தராசு போனார்.

தராசு என்பது அவர் பெயர் இல்லை. முப்பது வருஷமாகக் கடைத்தெருவில் எடை இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர், அதனால் ஊரே அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. எந்தக் கடைக்காரர் தட்டில் சுண்டுவிரலை வைத்து அழுத்துகிறார், எவர் தட்டுக்கு அடியில் காந்தத்தை ஒட்டியிருக்கிறார் என்பதெல்லாம் வாசலில் நுழையும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். "ஊர்ல யாரை வேணா ஏமாத்து. எடையில என்னை ஏமாத்த ஒருத்தன் பொறந்து வரணும்" என்பார். அந்த விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஒரே மகள். கல்யாணமாகி விமானம் ஏறிப் போய்விட்டாள். வீட்டில் மிச்சம் மூன்று அறைகளும் இரண்டு பேரும். மனைவிக்குச் சீருடை தைக்கும் கம்பெனியில் மேற்பார்வை வேலை. நாள் முழுக்க நாற்பது தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திவிட்டு வருபவள், வீட்டுக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். "சாப்பிடலாமா?" "ம்." "ஃபேனைக் குறைக்கட்டுமா?" "ம்." அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போடவும் நாலு வார்த்தை வேண்டுமே!

பேச்சுத் துணை இல்லாமல் தவித்த தராசு, போனில் ஒரு பைக் பயணக் குழுவில் சேர்ந்தார். அங்கே எல்லாம் வாலிபப் பிள்ளைகள். ஒருவன் ஒரே டேங்க் பெட்ரோலில் ஐந்நூறு கிலோமீட்டர் போனதாகப் படம் போட்டிருந்தான். தராசுக்குப் பொறுக்கவில்லை. 'நான் ஐந்நூற்று நாற்பது போகிறேன். ஒரே டேங்கில் கடல். வழியில் ஒரு சொட்டு நிரப்ப மாட்டேன்' என்று தட்டிவிட்டார். அறுபத்து மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அறுபத்து மூன்று பேர்! அன்று ராத்திரி அவருக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில், டேங்கை வடித்துவிட்டு ஒரு பாட்டிலில் ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றிக்கொண்டு, காலி ரோட்டில் ஊர்வலம் மாதிரி ஓட்டிப் பார்த்தார். நாற்பத்தைந்து கிலோமீட்டர். டேங்க் பதினாலு லிட்டர். பெருக்கினால் அறுநூற்று முப்பது. போதாதா?

அடுத்த கேள்வி பின்சீட்டு. கடையிலிருந்து ஒரு எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தா, இதுமேல ஏறி நில்லு."

"எதுக்குங்க?"

"ஏறேன், சொல்றேன்."

அவள் ஏறினாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. தராசு அதைப் பார்க்கவில்லை. தரையில் மண்டியிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுபத்திரண்டு. ம்ஹூம், உதைக்குது. நீ உட்கார்ந்தா லிட்டருக்கு முப்பத்தெட்டுதான் வரும். பதினாலால பெருக்கு. ஐந்நூத்து முப்பத்திரண்டு. எட்டு கிலோமீட்டர் குறையுதே!"

"எட்டு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் போட்டுக்கிட்டா ஆகாதா?"

"அப்புறம் அது ஒரே டேங்க் எப்படி ஆகும்? உனக்கு இதெல்லாம் புரியாது."

"சரி. போயிட்டு வாங்க" என்று இறங்கிப் போய்விட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றாள். டேங்குக்கு அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. சாதாரணமாக ஓடும்போது ஒரு பக்கம் இருக்கும். பெட்ரோல் தீர்ந்து வண்டி திணறினால் மறுபக்கம் திருப்ப வேண்டும், அடியில் ஒதுக்கி வைத்திருக்கும் இரண்டு லிட்டர் வரும். அதுதான் ரிசர்வ்.

"ஏங்க, அந்தத் திருகு எப்பவும் இந்தப் பக்கம்தானே இருக்கும்? இப்ப அந்தப் பக்கம் இருக்கே?"

"வண்டி விஷயத்துல வாயை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"வைக்கலைங்க" என்று உள்ளே போனாள். மேஜைமேல் அவருடைய பயண நோட்டு திறந்து கிடந்தது. 'பங்க்: முந்நூறாவது கிலோமீட்டர் (நிற்கக் கூடாது). முந்நூற்றுத் தொண்ணூற்றாறு (நிற்கக் கூடாது).' அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்தாள்.

காலை ஆறு மணிக்குத் தராசு கிளம்பினார். மனைவியின் இடத்தில் முப்பத்தொரு கிலோவில் ஒரு தகரப் பெட்டி கட்டியிருந்தது. பெட்டி பீரோ அகலம். நெடுஞ்சாலை வந்ததும் கை சும்மா இருக்குமா? முறுக்கினார். தொண்ணூறு. எதிர்காற்று பெட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. வண்டி முக்கியது, இவர் இன்னும் முறுக்கினார். முந்நூறாவது கிலோமீட்டரில் பங்க்காரர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். தராசு ஹாரன் அடித்துவிட்டுப் பறந்தார்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் நூறு கிலோமீட்டரிலேயே அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. மலைச்சரிவில் ஆட்டுமந்தை ஒன்று மேகம் மாதிரி இறங்கியது. "பார்த்தியா" என்று தலையைத் திருப்பினார். தகரப் பெட்டி. பாலத்துக்கு அடியில் ஆறு பச்சையாக ஓடியது. "அடேயப்பா" என்றார். யாரும் "ஆமாங்க" என்று சொல்லவில்லை. வீட்டில் பேசாமல் இருப்பதற்காவது பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாள். இங்கே பேசாமல் இருக்கக்கூட ஆள் இல்லை.

இடுப்பு வலிக்கு அடிக்கடி நின்று நின்று வந்ததில் பாதி வழியிலேயே மதியமாகிவிட்டது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு வாய் தின்றுவிட்டு மூடி வைத்தார். அப்போது ஒரு பஸ் கடந்து போயிற்று. ஜன்னல் வழியாக யாரோ வளையல் கையை நீட்டி ஆட்டினார்கள். தராசும் எழுந்து நின்று, பஸ் கண்ணுக்கு மறைகிற வரை கையை ஆட்டினார். யாரோ ஒரு புண்ணியவதி, முன்பின் தெரியாத எனக்குக் கை காட்டுகிறாளே என்று கண் கலங்கிவிட்டது. அன்று காலையிலிருந்து அவரைப் பொருட்படுத்திய முதல் ஜீவன் அதுதான்.

மரத்தடியில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்பியவருக்கு, சாயங்காலம் முந்நூற்று எண்பத்தைந்தில் வண்டி திணறியது. தராசு அலட்டிக்கொள்ளவில்லை. ராஜா மாதிரி இடது கையைக் கீழே விட்டு ரிசர்வ் திருகைத் திருப்பப் போனார். திருகு நகரவில்லை. குனிந்து பார்த்தார். அது ஏற்கெனவே ரிசர்வில்தான் இருந்தது. ஒரு லிட்டர் சோதனை ஓட்டத்துக்காகத் திருப்பியவர், திரும்பப் பழைய இடத்தில் வைக்கவே இல்லை. பதினாலு லிட்டரும் காலி. வண்டி ஒரு தும்மல் தும்மி நின்றது.

இரண்டு பக்கமும் கட்டாந்தரை. ஒரு வீடு இல்லை, ஒரு நாய் இல்லை. குழுவில் எழுதினார்: 'பெட்ரோல் தீர்ந்துவிட்டது. நடுரோட்டில் நிற்கிறேன்.' உடனே பதில் வந்தது. பதினேழு சிரிப்பு முகங்கள். ஒருவன் 'படம் போடுங்க அங்கிள்' என்றான். அதற்குப் பிறகு வேறு ஏதோ ஹெல்மெட்டைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

தராசு வண்டியைத் தள்ளினார். கால் மணி நேரம் தள்ளியதில் வேர்த்துக் கொட்டியது. வெயில் சாய்ந்து அவர் நிழல் மட்டும் நீளமாகக் கூட வந்தது. எனக்கு என்ன ஆனாலும் கேட்க ஒரே ஒருத்திதானே இருக்கிறாள், அவளையும் எடை போட்டுத் தள்ளிவிட்டு வந்தேனே என்று நினைத்தபோது, நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. மானத்தை மூட்டை கட்டிவிட்டுப் போன் போட்டார்.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. சும்மாதான். சாப்பிட்டியா?"

"எத்தனாவது கிலோமீட்டர்ல நிக்கிறீங்க?"

"யார் சொன்னா நிக்கிறேன்னு?"

"ஏங்க!"

"முந்நூத்து எண்பத்தாறு."

"அங்கேயே இருங்க" என்று வைத்துவிட்டாள்.

அங்கேயே இருக்காமல் எங்கே போவது? இருபது நிமிஷத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பால் வேன் வந்து நின்றது. ஒரு கையில் பெட்ரோல் கேன், இன்னொரு கையில் ஹெல்மெட், தோளில் துணிப்பையோடு இறங்கினாள் மனைவி. தராசுக்குப் பேய் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

"நீ... நீ எப்படி இங்கே?"

"ஏழரை மணி பஸ். முந்நூத்துத் தொண்ணூத்தாறாவது கிலோமீட்டர் பங்க்ல மூணு மணியிலேருந்து உட்கார்ந்திருக்கேன். நிக்கக் கூடாதுன்னு நீங்க எழுதி வச்ச இடத்துலதான் நிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஓட்டிக்கிட்டு வந்தாலும் தள்ளிக்கிட்டு வந்தாலும் அதைத் தாண்டித்தானே போகணும்?"

"அப்ப அந்த பஸ்ல..."

"கை காட்டினேன். எழுந்து நின்னு காட்டினீங்களே. கண்டக்டர்கூட, யாரும்மா அந்தப் பாவப்பட்ட மனுஷன்னு கேட்டார்."

தராசு கேனை வாங்கிக் கீழே வைத்தார். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"நீங்க பாட்டுக்குக் கிளம்பிட்டீங்க. மூணு நாள் அந்த மூணு ரூமையும் நான் ஒருத்தியா பார்த்துக்கிட்டு உட்காரணுமா? கூட வர்றியான்னு ஒரு வார்த்தை கேட்பீங்கன்னு பார்த்தேன். மிஷினைக் கொண்டு வந்து வச்சீங்க."

"தப்புதான்" என்றார் தராசு. முப்பது வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை, அதனால் கொஞ்சம் திக்கியது. "நீ இல்லாம ஆடு, ஆறு ஒண்ணையும் பார்க்கவே பிடிக்கலை."

"சரி சரி, பெட்டியை அவுருங்க. வேன் திரும்பி பங்க்குக்குத்தான் போகுது, அதுல ஏத்தி அங்கே போட்டுக்கலாம். எனக்கு உட்கார இடம் வேணும்."

பங்க்கில் டேங்க்கை வழிய வழிய நிரப்பி, பக்கத்து விடுதியில் தங்கி, காலையில் கிளம்பினார்கள். தொண்ணூறா? பேச்சே கிடையாது. முள் ஐம்பதைத் தாண்டினால் விலாவில் ஒரு குத்து விழுந்தது. "மெதுவா. அங்கே பாருங்க, கொக்கு." "ஏங்க, மெதுவான்னேன்." நூற்று நாற்பத்து நாலு கிலோமீட்டரும் வாய் ஓயவில்லை. மகள் போன நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அவர் காதில் கொட்டினாள். தராசும் விடாமல் "ஆமா", "அடேயப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கடல் தெரிகிற பங்க்கில் மறுபடி வழிய நிரப்பினார். மூன்று லிட்டர் முந்நூறு மில்லிதான் பிடித்தது. மணலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வகுத்தார். தனியாக வந்தது லிட்டருக்கு இருபத்தேழரை. அவளோடு வந்தது நாற்பத்து மூன்றரை. தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி வகுத்தார். அதேதான்.

"எப்படிடி இது? முப்பத்தொரு கிலோ பெட்டிக்கு அந்தக் குடி குடிச்ச வண்டி, அறுபத்திரண்டு கிலோவை இவ்வளவு கம்மியா குடிச்சுட்டுக் கொண்டு வந்திருக்கு!"

அவள் அலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எழுபத்தொண்ணுன்னு திருத்திக்குங்க. அன்னைக்கு நீங்க குனிஞ்சு முள்ளைப் பார்த்தப்ப, நான் வாஷ்பேசின்ல ஒரு கையை ஊனிக்கிட்டுத்தான் நின்னேன்."