மூன்றாவது வரியில் மோதல்

மாமியாரின் பணி ஓய்வு விழா பதினொரு மணிக்கு. ஒன்பதரை ஆகியும் அவர் பேசவேண்டிய உரையில் மூன்றாவது வரி முடிவாகவில்லை.

மாப்பிள்ளை அசரவில்லை. சாஃப்ட்வேர்காரர். முப்பது பேர் சேர்ந்து குழப்பிய புரோகிராமையே சிக்கெடுத்தவருக்கு இரண்டு பக்க உரை எந்த மூலைக்கு?

"அத்தை, நீங்க எழுதிக் குடுத்ததுதான் மெயின். அதுல யாரும் கை வைக்கமாட்டாங்க. ஆளுக்கொரு பிராஞ்ச், அதாவது ஒரு நகல். அதுல திருத்தட்டும். நல்லதை மட்டும் நான் மெயின்ல சேர்த்துடுவேன்."

"தப்பாப் போனா?" மாமியார் தலைமை நர்ஸ். எதையும் விசாரிக்காமல் விடமாட்டார்.

"நகலைத் தூக்கிப் போட்டுடலாம். மெயின் பத்திரமா இருக்கும்."

"ஓஹோ" என்று சொல்லிவிட்டு அவர் புடவை மாற்றப் போனார்.

மனைவி தன் நகலில் மூன்றாவது வரியை, 'டாக்டர்கள் எல்லாரும் என் பிள்ளைகள்' என்று எழுதினாள். மச்சான் அதே வரியை, 'டாக்டர்கள் கையெழுத்து கடவுளுக்கே புரியாது' என்று மாற்றினான். எதை வைக்க என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"என்னோடதுதாங்க. அம்மா உருகிப் பேசணும்."

"அத்தான், சிரிக்க வைக்கலேன்னா கூட்டம் தூங்கிடும்."

யாரையும் பகைக்க விரும்பாத மாப்பிள்ளை இரண்டையும் சேர்த்தார். டாக்டர்கள் எல்லாரும் என் பிள்ளைகள்; அவர்கள் கையெழுத்து கடவுளுக்கே புரியாது.

"வளர்த்தவ சரியில்லைன்னு ஆயிடுச்சே!" என்றாள் மனைவி.

வரியை அழித்தார். கூடவே தலைமை டாக்டருக்குச் சொன்ன நன்றியும் போயிற்று. பழைய நகலிலிருந்து அதைக் கொண்டுவந்தார். நன்றி மூன்று முறை வந்தது. பரிசோதனைக்கென்று இன்னொரு நகல் பிரித்து, தன் ஞாபகத்துக்கு அதில் ஒரு குறிப்பும் எழுதினார்: 'அத்தை இங்கே இழுக்கிறார். வெட்டணும்.'

எல்லாவற்றையும் ஒழுங்காக மெயினில் சேர்த்து, அச்செடுத்து, மாமியார் கையில் கொடுத்தபோது மணி பத்தே முக்கால்.

"நம்ம கை பட்டா சும்மாவா?" என்றார் மனைவியிடம்.

மாமியார் மைக்கை நெருங்கும்போதுதான் மாப்பிள்ளை செல்போனில் பார்த்தார். அச்சானது மெயின் இல்லை, பரிசோதனை நகல்.

மாமியார் கண்ணாடியை மாட்டித் தாளைப் படித்தார். நிதானமாக மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"நான் இழுப்பேன்னு வீட்டுல ஒரு புகார்" என்று ஆரம்பித்தார். அரங்கம் சிரித்தது. பிறகு அழுதது. கடைசியில் எழுந்து நின்று கைதட்டியது.

மாப்பிள்ளை ஓடிப்போய்க் கேட்டார்: "அத்தை, நீங்க பேசினது ஒண்ணுகூட மெயின்ல இல்லையே?"

மாமியார் மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"மெயினை யாராவது கையை விட்டுக் குடுப்பாங்களா, மாப்பிள்ளை? உங்ககிட்ட குடுத்ததே ஒரு பிராஞ்ச்தான்."