பன்னிரண்டாவது விதி

கொன்ஸ்ரன்ரைன் மாஸ்டர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு விஞ்ஞான ஆய்வுகூடத்தின் வாசலில் அரை மணித்தியாலமாக நின்றார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போகத்தான் வழியில்லை.

வழியை மறித்தது கதவில் தொங்கிய மட்டை. கல்விக் கந்தோரிலிருந்து போன கிழமை பாதுகாப்பு விதிகள் வந்திருந்தன. ரோணியோ மெசினில் அடித்த எழுத்து மங்கலாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு வாசிக்க ஏலாது என்று சொல்லி, மாஸ்டர் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார். கடைசி விதி இது:

‘12. ஆசிரியர் உட்பட எவரும் ஆய்வுகூடத்தினுள் தனியே இருத்தல் ஆகாது.’

பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் போய்விட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை ஆண்டு எட்டுக்குச் செய்முறைச் சோதனை. அமிலத்தை அளந்து ஐதாக்க வேண்டும், சுண்ணாம்பு நீரைத் தெளியவிட வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால் இரண்டு பேர் வேண்டும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு அவர் ஒருவர்தான். மற்ற விஞ்ஞான ஆசிரியர் தொண்ணூறாம் ஆண்டு வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவர்.

அதே கிழமைதான் மாஸ்டரின் மனைவி மதலேனாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் போனார்கள். ஒரே வள்ளத்தில் எல்லாருக்கும் இடமில்லை. அடுத்த வள்ளத்தில் வாறன் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அடுத்த வள்ளம் புறப்படவில்லை. ஏழு வருடமாகிவிட்டது. மண்டபம் அகதி முகாமிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் வரும், ஏற்கெனவே யாரோ வாசித்து ஒட்டிய உறையில்.

திங்கட்கிழமைகளில் வரவு கூப்பிடும்போது மாஸ்டருக்குத் தொண்டை அடைத்திருக்கும். தடிமன் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டபிறகு, பூசையில் எல்லாரோடும் சேர்ந்து சொல்லும் செபத்தைத் தவிர, அவர் ஒரு சொல்லும் பேசியிருக்கமாட்டார்.

விறாந்தையில் தும்புத்தடியோடு பியூன் சிங்கராசா போய்க்கொண்டிருந்தார்.

“சிங்கராசா, ஒரு பத்து நிமிசம் உள்ள வந்து இரும்.”

“எனக்கு வீட்டை வேலை கிடக்கு, சேர்.”

“எனக்கு மட்டும் இல்லையே? கந்தோர்ச் சட்டம். நான் என்ன செய்யிறது?”

சிங்கராசா மட்டையை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். “இந்தக் கந்தோர்க்காரருக்கு மனுசற்றை கஷ்டம் விளங்காது” என்று முணுமுணுத்தபடி உள்ளே போய்க் கதிரையில் அமர்ந்தார். ஐந்தாவது நிமிடத்தில் குறட்டை கேட்டது. பத்தாவது நிமிடத்தில் கதிரை சரிந்து, சிங்கராசாவின் கால் மேசையில் பட்டு, பதினான்கு பரிசோதனைக் குழாய்கள் நிலத்தில் விழுந்தன.

உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளவே பின்னேரமாகிவிட்டது. அமிலப் போத்தலின் மூடிகூடத் திறபடவில்லை.

“நித்திரை கொள்ளுறவர் ஆளெண்டு கணக்கில வரமாட்டார்” என்றார் மாஸ்டர்.

“அப்ப ஆரும் முழிச்சிருக்கிற ஆளாப் பாருங்கோ, சேர்.”

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, மனையியல் படிப்பிக்கும் செலீனா ரீச்சரைக் கேட்டார். கேட்பதற்கு முன் விறாந்தையில் மூன்று தடவை மேலும் கீழும் நடந்தார்.

“கந்தோர் சொன்னா என்ன செய்யிறது, சேர்? நான் வாறன்” என்றார் ரீச்சர். வரும்போது தேத்தண்ணியும் ஒரு சரை கடலை வடையும் கொண்டுவந்தார்.

அங்கேதான் சிக்கல். நாலாவது விதிப்படி ஆய்வுகூடத்துக்குள் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. ரீச்சர் வெளியே போய்க் குடித்தால் மாஸ்டர் உள்ளே தனி. ஆகவே இரண்டு பேரும் வெளியே வந்து விறாந்தைப் படியில் இருந்தார்கள். தேத்தண்ணி ஆறிப்போகக்கூடாது என்று உடனே குடிக்கத் தொடங்கினார்கள். மாஸ்டர் தன் மூத்த மகள் நாலு வயதில் லிட்மஸ் எனும் பாசிச்சாயத்தாளைத் தின்று நாக்கு நீலமாகிப்போன கதையைச் சொன்னார். பிறகு இளைய மகளின் கதை. ரீச்சர் நிமிர்ந்து பார்த்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

“சேர், அமிலம்?”

“நாளைக்குப் பாப்பம்.”

புதன்கிழமை காலை ஊரெல்லாம் கதை. மனுசி இந்தியாவிலையாம், மாஸ்டர் இஞ்ச கலியாணம் கட்டாத ரீச்சரோட படியில இருந்து வடை தின்னுறாராம். மாஸ்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. இனி வரவேண்டாம் என்று ரீச்சருக்கு ஒரு துண்டு எழுதி, அதைக் கொடுக்காமல் மூன்று பாடவேளை சட்டைப்பையில் வைத்திருந்தார்.

ரீச்சர் வந்தார். கூடவே அவருடைய அக்கா மாக்கிறட்டும் வந்தார்.

“மூண்டு பேரெண்டா ஆரும் ஒண்டும் கதைக்கேலாதுதானே?” என்றார் மாக்கிறட். “எங்க, அந்த அமிலம் எங்க? மணந்து பாக்கலாமோ?”

“ஆறாவது விதி!” என்று மாஸ்டர் பாய்ந்து போத்தலைப் பிடித்தார். “நேரா மணக்கக்கூடாது. கண்ணுக்கும் கண்ணாடி போடவேணும். மூண்டாவது விதி.”

“கண்ணாடி எங்க?”

கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. அதிலும் ஒரு பக்கம் வெடிப்பு. விதியென்றால் விதி. அன்றைக்கும் வேலை நடக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் மாஸ்டர் சைக்கிளில் தாழ்வுபாட்டுக்குப் போய், முன்பு சங்கு குளித்த அந்தோனிமுத்துவிடம் மூன்று குளியல் கண்ணாடிகள் இரவல் வாங்கினார். கடலில் இறங்கத் தடை வந்தபிறகு அந்தோனிமுத்துவுக்கு அவை தேவைப்படவில்லை. தண்ணீருக்குள் போடுவதை ஆய்வுகூடத்தில் போட்டால் என்ன என்று மாஸ்டருக்குத் தோன்றியது. மிகவும் நல்ல யோசனை. திரும்பும் வழியில் இராணுவச் சென்றிக்கு வரும்வரை.

சென்றியில் நின்ற கோப்ரல் பையைத் திறந்து ஒரு கண்ணாடியை வெளியே எடுத்தார். கடலடியில் நீந்துகிறவர்களைப் பற்றி இராணுவத்துக்கு நல்ல நினைவுகள் இல்லை.

“மே மொக்கத? இது என்ன? தண்ணி உள்ள போற? ஆர் போற?”

“தண்ணிக்க இல்லை. சயன்ஸ். ஸ்கூல்.”

“ஸ்கூல் தண்ணி உள்ளயா?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஓரடி விலகி நின்றார்கள். ஒருவரும் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றபோது மாஸ்டருக்கு ஒன்றுதான் தோன்றியது: இப்படியே பிடித்துக்கொண்டு போனால், வீட்டுக்கு வரவில்லையே என்று தேடுவதற்கு ஒரு ஆள் இல்லை.

அவர் நினைத்தது பிழை. சைக்கிளில் மூச்சு வாங்க வந்து இறங்கினார் சிங்கராசா.

“சேர் வரவு கூப்பிட வரேல்லையெண்டு பாத்தனான்.” பிறகு கோப்ரலிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த பதினைந்து சிங்களச் சொல்லையும் செலவழித்தார்.

கோப்ரல் நம்பவில்லை. தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். அன்று பின்னேரம் வந்தார். வயது நாற்பதுக்கு மேல், தலை நரைத்தவர். துவக்கோடு உள்ளே வரலாமா என்று மாஸ்டர் மட்டையை ஓடிப்போய்ப் பார்த்தார். துவக்கைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. கோப்ரலே அதைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு, நீலப் பாசிச்சாயத்தாள் எலுமிச்சம் புளியில் சிவப்பாவதைப் பார்த்தார். இன்னொருமுறை செய்யச் சொன்னார். பிறகு இன்னொருமுறை. தாள் முடிந்துவிட்டது.

“நாளைக்கும் செக் பண்ண வாற” என்றார் போகும்போது, மிகவும் கண்டிப்பாக.

வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத்தில் ஐந்து பேர். சிங்கராசா, கதிரையில் சாயக்கூடாது என்ற உத்தரவோடு, தன் சொந்த மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றார். செலீனா, மாக்கிறட், கோப்ரல் மூவரும் குளியல் கண்ணாடி அணிந்திருந்தார்கள். அது மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடி. ஆகவே மூவரும் மூக்கடைத்த குரலில்தான் பேசினார்கள். வெடித்த கண்ணாடி மாஸ்டருக்கு.

“இது என்ன?” என்றார் கோப்ரல்.

“சிப்பி. கடற்கரையில பொறுக்கினது. இதில அமிலத்தை விடுறன், பாருங்கோ.”

சிப்பி பொங்கி நுரைத்தது. குழாய் வழியாக வந்த வாயு சுண்ணாம்பு நீருக்குள் குமிழியிட்டது. தெளிந்த நீர் மெல்ல மெல்லப் பால் போல வெளுத்தது.

“அம்மாடி!” என்றார் மாக்கிறட் மூக்கால். கோப்ரல் கை தட்டினார். மாஸ்டர் சிரித்தார். அவர் சிரித்தால் மேல் பல்லில் ஒன்று இல்லாதது தெரியும் என்பது சிங்கராசாவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

“நல்லாயிருக்கு” என்றது வாசலில் ஒரு குரல்.

கல்விக் கந்தோரின் அதிகாரி கனகரத்தினம் கோப்பும் கையுமாக நின்றார். மொட்டைக் கடிதம் ஒன்று போயிருந்தது. ஆய்வுகூடத்தில் தேநீர் விருந்தும், வெளியாட்களும், ஆமியும் என்று அதில் எழுதியிருந்ததாம். வாசலில் துவக்கையும், உள்ளே கடலுக்குப் போகிற கோலத்தில் மூன்று பேரையும் பார்த்தபோது, கடிதம் எழுதியவர் குறைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்று அவருக்குப் பட்டது.

“மாஸ்டர், பாதுகாப்பு விதி அனுப்பினது இதுக்கோ? இதைப் பூட்டிப்போட்டு உங்களை நானாட்டானுக்கு மாத்தச் சொல்லி எழுதப்போறன்.”

“ஐயா, விதிப்படிதான் எல்லாம்...”

“பாப்பம்.”

அதிகாரி கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தார். மண்வாளி? இருந்தது. கண் பாதுகாப்பு? மூன்று பேரும் தங்கள் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்கள். உணவு? விறாந்தைப் படியில்தான், ஐயா. லேபிள், முதலுதவிப் பெட்டி, போத்தல் மூடி, கைகழுவத் தண்ணீர் எல்லாம் சரியாக இருந்தன. அதிகாரியின் முகத்தில் கடுகடுப்புக் குறைந்துகொண்டு வந்தது. பதினோராவதைச் சரியென்று அடையாளமிட்டுக் கோப்பை மூடினார்.

“எல்லாம் சரிதான். ஆனா இவ்வளவு சனம் ஏன்?”

செலீனா ரீச்சர் கதவைக் காட்டினார். அதிகாரி போய் மட்டையின் அடிவரியை வாசித்தார். கோப்பைத் திரும்பத் திறந்தார். விரலை வைத்து எண்ணினார்.

“நாங்கள் அனுப்பினது பதினொண்டுதானே, மாஸ்டர். இந்தப் பன்னிரண்டாவது எங்கயிருந்து வந்தது?”

சுண்ணாம்பு நீரில் கடைசிக் குமிழி வெடித்தது. வெடித்த கண்ணாடிக்குப் பின்னால் மாஸ்டருடைய கண்கள் நிலத்தையே பார்த்தன. இனி இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

சிங்கராசா தொண்டையைச் செருமினார்.

“கந்தோர்க் கடிதத்தைச் சேரிட்டைக் குடுக்க முந்தி நான் வாசிச்சனான், ஐயா. பதினொண்டுதான் எண்டு அண்டைக்கே ரீச்சர் உட்பட எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.”