பைத்தானுக்காகக் கை நனைத்த கதை

பசியோடு இருக்கிற மனிதன் அரசியல் பேசலாம், கிரிக்கெட் பேசலாம். தனக்குப் பிடித்த புரோகிராமிங் மொழியைப் பற்றி மட்டும் பேசவே கூடாது. நான் பேசினேன். அதனால் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய அன்று பஸ்ஸிலேயே அம்மா காதைக் கடித்தாள்.

“காபி குடி, மிக்சர் தின்னு. டிபன், சோறுன்னு எது வச்சாலும் தொடாத. அவங்க வூட்ல கை நனைச்சிட்டா சம்மதம்னு ஆயிடும். மணலூர்பேட்டை பொண்ண இன்னும் பாக்கல, தெரியுதா?”

தலையை ஆட்டினேன். (ஆட்டுவதில் நான் கெட்டிக்காரன்.)

பெண்ணின் பெயர் கவிதா. என்னைப் போலவே சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வீட்டாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, “எதுல கோட் எழுதுறீங்க?” என்று அவளே ஆரம்பித்தாள்.

“பைத்தான்ங்க. அந்த சொகம் எதுலயும் வராது. நாலு வரி எழுதினா போதும், மிச்சத்த அதுவே பாத்துக்கும்.”

“எனக்கு சி லாங்குவேஜ்தான் புடிக்கும். மெமரில எடம் எடுத்தா, வேல முடிஞ்சதும் நாமளே திருப்பிக் குடுக்கணும். அந்தப் பொறுப்பு இருக்கு பாருங்க, அதான் புடிச்சிருக்கு.”

“பைத்தான்ல அதெல்லாம் தானா சுத்தமாயிடும்ங்க!”

“தானா ஒண்ணும் ஆவல. உங்களுக்குத் தெரியாம வேற யாரோ பண்றாங்க.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கூடப்பிறந்த தம்பியைத் திட்டிவிட்ட மாதிரி எகிறினேன். பைத்தான் என்றால் என்னவென்றே தெரியாத என் தாய்மாமன், “விடாத மாப்ள, நம்ம கட்சி பைத்தான்தான்!” என்று தொடையைத் தட்டினார். பெண்ணின் சித்தப்பா, “சி-க்கு இன்னாங்க கொறச்சல்?” என்று சிலிர்த்துக்கொண்டார்.

இந்தக் களேபரத்தில் யாரோ என் முன்னால் ஒரு தட்டை வைத்தார்கள். (யாரோ என்ன, என் மாமியார்தான். இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)

திடீரென்று கூடம் அமைதியானது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மணிக்கட்டு வரை சாம்பார். தட்டில் இருந்த இட்லியைக் காணோம், கறிவேப்பிலை மட்டும் மிச்சம்.

“இன்னாடா பண்ணிக்கினு இருக்க?” என்றாள் அம்மா.

“தின்னுட்டேம்மா.”

“அப்பறம் இன்னாங்க, தேதி பாத்துடலாம்” என்று பெண்ணின் அப்பா காலண்டரை எடுக்க எழுந்தார்.

“அவரு கை நனைஞ்சா போதுமா? என்னை யாரும் கேக்கலையே” என்றாள் கவிதா.

இவளை விட்டுவிட்டு மணலூர்பேட்டைக்குப் போக எனக்குத் துளியும் இஷ்டமில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. என்னோடு இவ்வளவு அக்கறையாக அதுவரை யாரும் சண்டை போட்டதில்லை.

“நான் இன்னா பண்ணணும்ங்க?”

“உங்க பைத்தான்ல தட்ட வேற யாராவது எடுப்பாங்க. சி-ல, தின்னவங்களே கழுவி வைக்கணும்.”

பெண் பார்க்கப் போன இடத்தில், புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொல்லைக் குழாயடியில் தட்டு கழுவினேன். இரண்டு வீட்டாரும் ஜன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “பைத்தான் தோத்துடுச்சா மாப்ள?” என்று மாமா நிஜமான வருத்தத்தோடு கேட்டார். கவிதா தட்டை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடியில எண்ண இருக்கு” என்றாள். மறுபடி கழுவினேன். அப்புறம்தான் சரி என்று தலையசைத்தாள்.

நான் இன்னும் பைத்தானில்தான் எழுதுகிறேன், தட்டை மட்டும் சி முறைப்படி கழுவுகிறேன். எங்கள் உறவில் எந்தப் பையன் பெண் பார்க்கக் கிளம்பினாலும் அம்மா வாசல் வரை வந்து சொல்லி அனுப்புகிறாள்: “இட்லி குடுத்தா தின்னு, பரவால்ல. கம்ப்யூட்டர் பத்தி மட்டும் வாயத் தொறக்காத.”