பாட்டிலுக்குள் இரண்டு புயல்

மீன் ஏலக்கூடத்தில் அன்று மீனைத் தவிர எல்லாம் இருந்தது. கூட்டம் இருந்தது, மைக் இருந்தது, நடுநாயகமாகப் புயலடக்கி ஐயா இருந்தார். கடலில் இரண்டு புயல்கள் அருகருகே சுழன்றுகொண்டிருக்க, ஐயாவின் எதிரில் ஒரு வட்டத் தட்டில் மூடி போட்ட இரண்டு பாட்டில்கள். பெரிய பாட்டிலில் பெரிய புயல், சின்னதில் சின்னப் புயல். அளவு பார்த்து அடைத்திருக்கிறார், பொறுப்பான மனிதர்!

ஐயா தட்டைத் திருப்பினார். பாட்டில்கள் ஒன்றையொன்று சுற்றின. செல்போனில் தெரிந்த செயற்கைக்கோள் படத்திலும் புயல்கள் அதே பக்கமாகச் சுற்றின. கூட்டத்துக்குப் புல்லரித்தது. ஐயாவும் காலையில் அதே படத்தைத்தான் பார்த்தார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ரெண்டும் அடிச்சுக்கிட்டு நடுக்கடல்லயே செத்துப்போகும். யாரும் படகை நகர்த்த வேணாம். அடக்கி வைக்க எனக்குச் சக்தி வேணும். ஆளுக்கொரு கேன் டீசல் கொண்டாங்க!"

சக்தி டீசலில் ஓடுவது போலும். கேன்கள் அவருடைய வேனில் ஏறின.

ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருத்தி அரக்கப்பரக்க வந்து சேர்ந்தபோது, அவள் கணவரும் கேனுடன் வரிசையில் நின்றார். படகைப் பத்திரமாக ஆற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்களிடம் இருந்த டீசல் அவ்வளவுதான். படகு போனால் பிழைப்பே போயிற்று. அவள் கணவரின் கேனைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, மூளையையும் கேன்ல ஊத்திட்டீங்களா? பக்கத்துல பக்கத்துல வந்த புயல் ஒண்ணையொண்ணு சுத்தத்தான் செய்யும்னு ரேடியோவுல சொல்றான். மேல அடிக்கிற காத்து சின்னதைக் கலைச்சுக்கிட்டு இருக்காம். மிச்சத்தைப் பெருசு முழுங்கிட்டு நேரா இங்கதான் வருதாம்!"

"மெதுவாப் பேசு. ஐயா காதுல விழப்போகுது."

"விழட்டும்." அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். "ஐயா, தட்டை எதிர்ப்பக்கமா சுத்துங்களேன். படத்துல புயலும் திரும்புதான்னு பாப்போம்."

ஐயா கருணையோடு சிரித்தார். "ஊர் தாங்காதும்மா. மூடி கொஞ்சம் தளர்ந்தாலே இந்தக் கூடம் தரைமட்டம்!"

அவள் பெரிய பாட்டிலைத் தூக்கி மூடியைத் திருகி எறிந்தாள்.

"ஐயோ!" என்று கூட்டமே குப்புற விழுந்தது. கணவர் கேனைக் கட்டிப்பிடித்துக் கவிழ்ந்தார். மைக் பிடித்திருந்தவர் மீன் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நின்றவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று ஐயா.

"எல்லாரும் தலையைத் தூக்கிப் பாருங்க. ஊரே விழுந்து கிடக்கு, அடைச்ச மனுஷன் அசையவே இல்லை. உள்ள ஒண்ணும் இல்லைன்னு அவருக்குத் தெரியாதா?"

ஐயாவுக்கு அப்போதுதான் விழ வேண்டும் என்று தோன்றியது. முழங்கால் மடங்குவதற்குள் கூட்டம் வேனை வளைத்துக்கொண்டது. கேன்கள் இறங்கின, படகுகள் ஆற்றுக்குள் போயின, மக்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பெரிய புயல் வந்து ஏலக்கூடத்தின் கூரையைப் பிய்த்து எறிந்தபோது உள்ளே ஒருவரும் இல்லை.

மறுநாள் கணவர் படகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஆனாலும் ஒண்ணு பாத்தியா? நீ பெரிய பாட்டிலைத் திறந்தே, பெருசு வந்துச்சு. சின்னதைத் திறக்கல, சின்னது வரவே இல்லை!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். புயல் வந்தால் படகைக் கட்டுங்கள், கூரையைக் கட்டுங்கள் மகாஜனங்களே. மூளையை மட்டும் கட்டிப்போடாதீர்கள்.